குறத்திக்குப் படியளந்தவர்கள்

கொட்டிவாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே வந்தால் அடுத்த ஊர் திருவான்மியூர். அதன் கடலோர விளிம்பில், மரங்கள் அடர்ந்த சுமார் நூறு ஏக்கரில் இருக்கிறது கலாக்ஷேத்ரா. அங்கே உருவான நாட்டிய நாடகங்களின் வரிசையில் முதல் பெரிய படைப்பு ‘குற்றாலக் குறவஞ்சி’. 1944இல் ருக்மிணி தேவி அருண்டேல் அதை மேடையேற்றினார். அப்போது கலாக்ஷேத்ரா திருவான்மியூருக்கு வந்திருக்கவில்லை. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தில்தான் இருந்தது.

நாடகத்துக்கு அன்றைக்கே வயது இருநூறுக்கு மேல். அதற்குள் கோயில், அரண்மனை, சபா என்று குறவஞ்சி பல வாசல்களை ஏறி இறங்கியிருந்தது. தமிழ்நாட்டில் ஒரு நாடகம் ஆண்டுதோறும் ஆடப்பட வேண்டுமானால் யாராவது அதற்குப் படியளந்தாக வேண்டும். அளந்த கை மாறிய போதெல்லாம் ஆடும் இடம் மாறியது, ஆடுபவர் மாறினர், சில சமயம் கதாநாயகனே மாறினான்.

இந்தக் கணக்குக்குக் கல்லில் வெட்டிய சாட்சி தஞ்சைப் பெரிய கோயிலில் உண்டு. இரண்டாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, சுமார் 1055ஆம் ஆண்டினது. வைகாசித் திருவிழாவில் ‘இராஜராஜேஸ்வர நாடகம்’ ஆடுவதற்காக, சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விஜயராஜேந்திர ஆசாரியனுக்கும் அவன் வம்சத்தாருக்கும் நாள் ஒன்றுக்கு ஒரு தூணி நெல் வீதம் ஆண்டுக்கு 120 கலம் அளக்க வேண்டும் என்பது ஆணை. மூன்று தூணி ஒரு கலம். ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்தால் கணக்கு ஒரு படி பிசகாமல் வருகிறது. நாடகம் நடப்பதோ திருவிழாவில் மட்டும். ஆனால் நெல் வருஷம் முழுக்க. ஆடுகிற குடும்பம் ஆடாத நாளிலும் சாப்பிட வேண்டுமே என்று யோசித்துத்தான் சோழ அதிகாரிகள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த நாடகத்தின் ஒரு வரிகூட இன்று கைவசம் இல்லை. கூலி விவரம் மட்டும் தங்கிவிட்டது.

குறவஞ்சிக்கு அப்படி ஆகவில்லை. பனுவலும் கிடைத்தது, மானியத்தின் நினைவும் நின்றது.

தென்காசிப் பக்கத்து மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’யை இயற்றினார். மதுரை நாயக்கர் முத்து விஜயரங்க சொக்கநாதர், 1706 முதல் 1732 வரை ஆண்டவர், கவிராயருக்கு நிலம் எழுதிக் கொடுத்தார். அந்த நிலத்துக்கே ‘குறவஞ்சி மேடு’ என்று பெயர் நிலைத்தது. ஒரு நாடகத்தின் பெயரால் வயல் அழைக்கப்படுவது அபூர்வம். ஒரு மன்னர் நூலுக்குக் கொடுத்த விலை என்ன என்பதை ஊரே தினமும் சொல்லிக்கொண்டிருந்தது என்றுதான் கொள்ள வேண்டும்.

கதை சிக்கலில்லாதது. கட்டியக்காரன் வந்து குற்றாலநாதர் உலா வரும் செய்தியை அறிவிக்கிறான். பெண்கள் வீதிக்கு ஓடி வந்து பார்க்கிறார்கள். பந்தடித்துக்கொண்டிருந்த வசந்தவல்லி, இறைவனைக் கண்டு மையல் கொள்கிறாள். நிலவு சுடுகிறது, தென்றல் சுடுகிறது, மன்மதனைத் திட்டுகிறாள், தோழியைத் தூது விடுகிறாள். இதுவரை பழைய உலா இலக்கியத்தின் பாதை. இங்கேதான், இடுப்பில் கூடையும் கையில் மாத்திரைக்கோலுமாகக் குறத்தி நுழைகிறாள். நாடகத்தின் உயிரும் அவளோடுதான் நுழைகிறது.

அவள் எடுத்த எடுப்பில் கையைப் பார்ப்பதில்லை. முதலில் தன் மலையின் வளத்தைச் சொல்கிறாள். குரங்குகள், கனிகள், அருவித் திரை, தேன் மணம் என்று தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் நெட்டுருப் போட்ட பகுதி அது. பிறகு தான் குறி சொல்லிப் புகழ் பெற்ற ஊர்களின் பெயரை அடுக்குகிறாள். தொழில் தெரிந்தவள், வாடிக்கையாளர் மனம் கனியும்வரை விலை பேசுவதில்லை. “அம்மே” என்று விளித்து, தெய்வங்களை அழைத்து, கைரேகை பார்த்து, கடைசியில் வசந்தவல்லியின் மனத்தில் இருப்பவரை அவள் வாயாலேயே வரவழைத்துவிடுகிறாள். குறி பலித்த மகிழ்ச்சியில் வசந்தவல்லி நகைகளை அள்ளிக் கொடுக்கிறாள்.

பின்பாதி குறத்தியின் கணவன் சிங்கனுடையது. பறவை பிடிக்கக் கண்ணி வைக்கப் போனவன், மனைவி சிங்கியைக் காணாமல் தவித்துத் தெருத்தெருவாகத் தேடுகிறான். கண்டுபிடித்தபோது அவள் உடம்பெல்லாம் நகை. நகை பார்த்திராத வேடனுக்கு அவள் காலில் கிடப்பது சிலம்பென்று தெரியவில்லை; விரியன் பாம்பு கடித்துச் சுற்றிக் கிடப்பதாக மிரள்கிறான். அவள் சிரித்துக்கொண்டே, இது இன்ன ஊரில் குறி சொன்னதற்குக் கிடைத்தது, அது இன்னார் கொடுத்தது என்று ஒவ்வொன்றாக விளக்குகிறாள். பரிசில் பட்டியலையே காதல் காட்சியாக மாற்றிய கவிராயரின் குறும்பு இது. நிலமானியம் வாங்கப்போகிற புலவர், கலைக்கும் கூலிக்கும் உள்ள உறவை நாடகத்துக்குள்ளேயே வைத்துத் தைத்திருக்கிறார்.

குறவஞ்சி அந்தக் காலத்தில் நல்ல செல்வாக்குள்ள வடிவம். சாமிக்குப் பாடலாம், ஜமீன்தாருக்குப் பாடலாம், பாட்டுடைத் தலைவனை மட்டும் மாற்றினால் போதும். தஞ்சையில் கோட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர், மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியைத் தலைவனாக வைத்து ‘சரபேந்திர பூபாலக் குறவஞ்சி’ இயற்றினார். சரபோஜி 1798இல் பட்டம் ஏறினார். மறு ஆண்டே ஒப்பந்தப்படி நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போய்விட்டது. கோட்டையும் அதைச் சுற்றிய பகுதியுமே மன்னருக்கு மிச்சம். நாடகத்திலோ அவர் வீதியுலா வருகிறார், மதனவல்லி மயங்குகிறாள், குறத்தி அவர் நாட்டின் வளத்தைப் பாடுகிறாள். ராஜ்ஜியம் போன ராஜாவுக்கு ராஜ்ஜியம் எஞ்சியிருந்த இடம் மேடைதான்.

அதே சரபோஜியோடு சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் படித்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். அங்கே தலைவன் இயேசு. மலைவளமும் குறியும் சிங்கனும் சிங்கியும் கிறிஸ்தவப் பொருளுக்கு இசைந்து கொடுத்தார்கள். சாமி மாறினாலும் குறத்தி மாறவில்லை.

சரபேந்திர பூபாலக் குறவஞ்சி தஞ்சைப் பெரிய கோயில் திருவிழாவில் ஆண்டுதோறும் ஆடப்பட்டது. கோயில் வளாகத்தில் அதற்கென்றே மேடை இருந்தது. 1855இல் மராட்டிய அரசு முடிந்து கம்பெனி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட பிறகும் வழக்கம் அறுந்துவிடவில்லை. 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. ஆடியவர்கள் கோயில் தேவதாசிகள். ஜதி சொல்லித் தாளம் போட்டவர்கள் அவர்கள் குடும்பத்து நட்டுவனார்கள். ராஜராஜன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி ஆளுக்கொரு வீடும் நெற்பங்கும் கொடுத்த கோயில் அது. அந்த ஏற்பாட்டின் கடைசிக் கண்ணிகளில் ஒன்று குறவஞ்சி.

கண்ணி எப்படி அறுந்தது என்பது தெரிந்த கதைதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகக் குரல் எழுப்பினார். 1929இல் வந்த சட்டத் திருத்தம், கோயில் ஊழியத்துக்கு ஈடாகப் பெண்கள் அனுபவித்த இனாம் நிலங்களை ஊழியத்திலிருந்து விடுவித்தது. அதாவது, ஆடினால்தான் நிலம் என்ற முடிச்சு அவிழ்ந்தது. பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் சட்டம் 1947இல் நிறைவேறியது. பெண்களைச் சுரண்டிய ஒரு வழக்கம் சட்டத்தால் முடிந்தது. அதோடு சேர்ந்து, திருவிழா நாளில் குறத்தியாக வேடம் கட்டும் பொறுப்பும் உரிமையும் யாருக்கும் இல்லாமல் போயிற்று.

இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் வந்ததுதான் அடையாற்றுக் குறவஞ்சி.

ருக்மிணி தேவி நாட்டியத்துக்கு வந்தது தாமதமாகத்தான். 1904இல் பிறந்தவர், 1930களில்தான் தேவதாசிகளின் ஆட்டமான சதிரைக் கற்கத் தொடங்கினார். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலைச் சார்ந்த கௌரி அம்மாளிடமும், பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றார். 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் வைரவிழாவில் ஆடினார். பிராமணக் குடும்பத்துப் பெண் மேடையேறி ஆடுவதா என்று மயிலாப்பூர் திண்ணைகள் முணுமுணுத்தன. 1936 ஜனவரியில் சர்வதேசக் கலைக்கழகம் என்ற பொருளில் ஆங்கிலப் பெயரோடு தொடங்கிய நிறுவனம் 1938இல் கலாக்ஷேத்ரா ஆனது.

கணவர் ஜார்ஜ் அருண்டேல் அப்போது பிரம்மஞான சபையின் உலகத் தலைவர். சபைக்கு உலகெங்கும் இருந்த தொடர்புகள் கலாக்ஷேத்ராவுக்கும் கை கொடுத்தன. கோயில் நிலம், அரண்மனைக் கருவூலம் இருந்த இடத்தில் இப்போது நன்கொடைகளும் நுழைவுச்சீட்டும் வந்தன.

தனி ஒருவர் ஆடும் கச்சேரி முறையிலிருந்து பலர் சேர்ந்து ஆடும் முழு நாடகத்துக்குப் போக ருக்மிணி தேவி எடுத்த முதல் பனுவல் குற்றாலக் குறவஞ்சி. அந்த நேரத்தை யோசித்தால் தேர்வு தற்செயல் என்று தோன்றாது. 1943இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். தெலுங்குக் கீர்த்தனைகள் நிறைந்த கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டு எங்கே என்ற சண்டை பத்திரிகைகளில் அனல் பறந்தது. பதம், வர்ணம் என்று நாட்டியத்திலும் தெலுங்கே கோலோச்சிய காலம். குற்றாலத்தில் குடியிருந்த ரசிகமணி டி.கே.சி. கவிராயரின் குறவஞ்சியை ஊர் ஊராக ரசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். முழுக்க முழுக்கத் தமிழில், ராகமும் தாளமும் குறித்தே எழுதப்பட்ட ஒரு நாடகம் ஏட்டிலே தயாராக இருந்தது.

இசையமைத்தவர் வீணை கிருஷ்ணமாச்சாரியார். கேரளத்திலிருந்து வந்த அம்பு பணிக்கர் போன்ற கதகளி ஆசான்கள் அந்தக் கட்டத்தில் கலாக்ஷேத்ராவில் இருந்தார்கள். நாடக பாணி அபிநயத்துக்கு அவர்கள் பயிற்சி உதவியது. காரைக்கால் சாரதாம்பாள் போன்ற பரம்பரைக் கலைஞர்களும் ஆசிரியர் வரிசையில் இருந்தார்கள். இதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். தேவதாசிகளிடமிருந்து கலையைப் ‘பிடுங்கி’ எடுத்தார்கள் என்று ஒரு தரப்பும், ‘மீட்டு’ எடுத்தார்கள் என்று மறு தரப்பும் இன்றுவரை வாதாடுகின்றன. அடையாற்றுக் கூரைக்கடியில் நடந்ததோ இரண்டுக்கும் நடுவில்: கற்றுக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பரம்பரையினர், கற்று மேடையேறியவர்கள் பெரும்பாலும் வேறு குடும்பத்தினர். நட்டுவாங்கமும் அதே வழியில் கை மாறியது. பந்தநல்லூர்ப் பரம்பரையின் சொக்கலிங்கம் பிள்ளை 1940களின் தொடக்கத்தில் விலகிய பின், ருக்மிணி தேவியும் அவர் மாணவிகளும் தாமே தாளத்தைக் கையில் எடுத்தார்கள். இசை வேளாளர் குடும்பத்து ஆண்களிடமே இருந்த தொழில் அது.

மேடையும் வேறாயிற்று. சதிர்க் காலத்தில் வாத்தியக்காரர்கள் ஆடுபவளின் பின்னால் நின்றுகொண்டும் அவளோடு நகர்ந்துகொண்டும் வாசித்தார்கள். கலாக்ஷேத்ரா அவர்களை மேடையின் ஓரத்தில் உட்கார வைத்தது. பார்சி நாடகக் கம்பெனிகள் பழக்கிவிட்ட ஓவியத் திரைகளும் ஜிகினாவும் ஒதுங்கின. கலாக்ஷேத்ரா 1937 முதலே சொந்த நெசவுக் கூடம் வைத்திருந்தது. பழைய கோயில் புடவைகளின் கரையும் நிறமும் மேடை உடுப்புக்கு வந்தன. தேரோடும் வீதியில் நின்று பார்த்த கூட்டத்துக்குப் பதிலாக, மாலை ஆறரைக்கு வந்து ஒன்பதுக்குள் வீடு திரும்பும் சபா ரசிகர்கள். அந்த நேரத்துக்குள் அடங்கும்படி நாடகமும் நறுக்கப்பட்டது.

நறுக்கியதில் நேரம் மட்டும் போகவில்லை. சிருங்காரத்தில் உடலின்பத்தைப் பேசும் பகுதிகளில் ருக்மிணி தேவிக்கு உடன்பாடில்லை. பக்தியாக உயராத காதல் மேடைக்கு வேண்டாம் என்பது அவர் கட்சி. தேவதாசிப் பரம்பரையிலிருந்து வந்த பாலசரஸ்வதி எதிர்க்கட்சி. 1975இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில், சிருங்காரத்தைத் தூய்மைப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை, அதுவே பரதத்தின் உச்சம் என்ற நிலையை அவர் எடுத்தார். மையல் கொண்ட வசந்தவல்லியும், மனைவியைத் தேடிப் புலம்பும் சிங்கனும் இந்த வழக்கின் நடுவே நின்றவர்கள்.

மேடைக் குறத்திக்குக் கைதட்டல் விழுந்த அதே வருஷங்களில் நிஜக் குறவர்களின் நிலை என்ன? 1871இல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை வெள்ளையர் அரசு 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரித்தது. குறவர் பிரிவுகள் பலவும் அந்தப் பட்டியலில் ஏற்றப்பட்டன. கைரேகை பதிய வேண்டும், காவல் நிலையத்துக்குப் போய் இருப்பைச் சொல்ல வேண்டும், ஊர் விட்டு ஊர் போக அனுமதி வேண்டும். ஊர் ஊராய்ப் போய்க் குறி சொல்லி நகை வாங்கி வந்ததைச் சிங்கி பெருமையாகச் சொல்லும் காட்சி 1944இல் அடையாறு மேடையில் ஆடப்பட்டபோது, பட்டியலில் இருந்தவர்களுக்கு அனுமதியில்லாத அந்தப் பயணமே சட்டப்படி குற்றமாக இருந்தது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் நீங்கியது. மெரினா மணலில் கோலோடு உட்கார்ந்து “கை பார்க்கட்டுமா” என்று கேட்கும் பெண்களை இன்றைக்கும் பார்க்கலாம். குறவஞ்சி பார்க்கச் சபாவுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அவர்களிடம் கை நீட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

குறவஞ்சி தந்த தெம்பில் கலாக்ஷேத்ரா தொடர்ந்து பெரிய பனுவல்களை எடுத்தது. 1947இல் காளிதாசரின் ‘குமாரசம்பவம்’. 1955இல் ‘சீதா சுயம்வரம்’ தொடங்கி 1970இல் ‘மகா பட்டாபிஷேகம்’ வரை ஆறு பாகமாக ராமாயணம். அதற்கு இசை அமைக்கத் தொடங்கிய மைசூர் வாசுதேவாச்சார் 1961இல் மறைய, பேரன் எஸ். ராஜாராம் முடித்து வைத்தார். மெலட்டூர் பாகவத மேள நாடகங்களின் பக்கமும் ருக்மிணி தேவியின் கவனம் போனது. 1962இல் நிறுவனம் திருவான்மியூர் வளாகத்துக்கு இடம் பெயர்ந்தது. அன்றைக்கு அது மணற்காடு. தெற்கே கொட்டிவாக்கம் மீனவர் குப்பமும் தோப்பும் சேர்ந்த கிராமம். அந்தக் கிராமம் சென்னை மாநகராட்சிக்குள் வந்ததே 2011இல்தான். கேரளக் கோயில் கூத்தம்பலத்தின் அளவுமுறையில், திருவனந்தபுரம் மார்கி அமைப்பை நடத்திய டி. அப்புக்குட்டன் நாயர் வரைந்த திட்டப்படி 1980களில் பெரிய அரங்கம் எழுந்தது. சரிந்த ஓட்டுக் கூரையும் மரத்தூண்களும் கொண்ட அந்த அரங்கில் இப்போது ஆண்டு இறுதிக் கலைவிழா நடக்கிறது.

ருக்மிணி தேவி 1986 பிப்ரவரியில் காலமானார். நன்கொடையில் ஓடிய வண்டி தள்ளாடியது. 1993இல் நாடாளுமன்றம் கலாக்ஷேத்ரா அறக்கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றி அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. அதன்பின் மத்திய அரசின் கலாசாரத் துறை மானியம். குற்றாலக் குறவஞ்சி அங்கே இன்னும் அவ்வப்போது மேடையேறுகிறது. 1944இன் இசையும் அடவு அமைப்பும் தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்கள் வழியே மாணவர்களுக்குப் போகின்றன. கோயிலில் தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுத்ததை இங்கே பாடத்திட்டம் சொல்லிக் கொடுக்கிறது.

இன்னொரு கிளை புதுக்கோட்டைச் சீமையில் பிழைத்துக் கிடந்தது. விராலிமலை முருகன் கோயிலுக்கென்று ஒரு குறவஞ்சி உண்டு. அந்தக் கோயிலில் பொட்டுக்கட்டப்பட்ட 32 பெண்களில் கடைசியாக எஞ்சியவர் முத்துக்கண்ணம்மாள். ஏழு வயதில் ஊழியத்துக்கு வந்தவர், தந்தை நட்டுவனார். புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்ததால் சென்னை மாகாணச் சட்டங்கள் அங்கே உடனே எட்டவில்லை. 1948இல் சமஸ்தானம் இணைந்த பிறகுதான் மன்னர் காலத்து ஏற்பாடுகள் முடிந்தன. 2022இல் இந்திய அரசு முத்துக்கண்ணம்மாளுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது அவர் எண்பதைக் கடந்திருந்தார்.

அவர் ஆடும் முறையில் ஒரு வித்தியாசம் சட்டென்று கண்ணில் படும். திருவான்மியூர் அரங்கில் குறத்தி வாய் திறப்பதில்லை. அவளுக்காகப் பாடகர் ஓரத்தில் உட்கார்ந்து பாடுவார், அவள் கையும் கண்ணும் மட்டும் பேசும். முத்துக்கண்ணம்மாளோ தானே பாடிக்கொண்டே ஆடுகிறவர். மலையைச் சொல்லும் குரலும் மலையைக் காட்டும் கையும் ஒரே ஆளுடையவை. மூச்சு எங்கே வாங்க வேண்டும், எந்த அடவில் குரலை இறக்க வேண்டும் என்பதெல்லாம் தனிப் பயிற்சி. இப்போது சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் நாட்டியக்காரர்கள் விராலிமலைக்குப் போய் அதைக் கேட்டுக் கற்கிறார்கள். பயணச் செலவைப் பெரும்பாலும் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள்.